கரி பஸ் முதல் கேஸ் ஜெனரேட்டர் வரை



ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வேளாண்மை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் விதை, உரம், பூச்சி மருந்து எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் வாசல்படியில் நின்று இன்னொன்றும் கேட்கிறார்கள். "சார், வீட்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கலாம்னு இருக்கோம். பெட்ரோல்லயும் ஓடும், கேஸ்லயும் ஓடும்ங்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?" இயந்திரம் என்பது வேளாண்மைப் பொறியியல் துறைக்காரர்களின் பாடம். ஆனாலும் கேட்டவருக்கு வெறுமனே 'வாங்கலாம், வேண்டாம்' என்று சொல்லி அனுப்ப மனம் வருவதில்லை. ஒரே இஞ்சின் பல எரிபொருளில் ஓடுவது நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய சங்கதி. அதன் கதை தெரிந்தால், கடைக்காரர் சொல்வதில் எது மெய், எது மிகை என்று நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

பெட்ரோல் இஞ்சின்தான் மூத்தது, கேஸ் பிற்பாடு வந்தது என்று பலரும் நினைக்கிறோம். நடந்தது நேர்மாறு. ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் 1876-ல் ஓட்டிக் காட்டிய நான்கு அடி இஞ்சின், தெருவிளக்குகளுக்குக் குழாயில் வந்த நிலக்கரி வாயுவில்தான் ஓடியது. பெட்ரோலில் ஓடும் இஞ்சின் வண்டியில் ஏறியது 1885-ஐ ஒட்டித்தான். ஆகவே இன்றைக்கு 'கேஸில் ஓடும் புதுமை' என்று விளம்பரம் செய்கிறார்களே, அது தாத்தா வீட்டுக்குப் பேரன் திரும்பிப் போன கதை.

குழாய் வாயு நகரத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. கிராமத்துக்கு வேறு வழி வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்பவரின் யோசனைப்படி ஹார்ன்ஸ்பி கம்பெனி 1892 முதல் ஓர் இஞ்சின் செய்து விற்றது. அதற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. இஞ்சின் தலையில் ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். விளக்கை அடியில் வைத்து அந்தக் குமிழை நன்றாகக் காய்ச்சிவிட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். சூடான குமிழுக்குள் எண்ணெய் போய் விழுந்ததும் பற்றிக்கொள்ளும். பிறகு ஓடுகிற சூட்டிலேயே குமிழ் காய்ந்திருக்கும், விளக்கை எடுத்துவிடலாம். மண்ணெண்ணெய் ஆனாலும் சரி, அழுக்கான கனத்த எண்ணெய் ஆனாலும் சரி, பெரிதாக முரண்டு பிடிக்காது. எதைப் போட்டாலும் தின்னும் இஞ்சின் என்று ஒன்றைச் சொல்லலாம் என்றால் இந்த இனத்தைத்தான் சொல்லலாம். ஒரே குறை, பூதம் மாதிரி கனம்.

ஆயில் இஞ்சினும் பம்பும் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கலாம் என்று சென்னை மாகாணத்தில் முனைந்து பிரசாரம் செய்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். கிண்டிப் பொறியியல் கல்லூரியோடு தொடர்புடைய பேராசிரியர். 1900-க்குப் பிந்தைய பத்தாண்டில் செங்கற்பட்டுப் பக்கம் தொடங்கி அவர் செய்த முயற்சிகள்தான், கவலை ஏற்றத்தை நம்பியிருந்த நம் முன்னோருக்கு 'மாடு இல்லாமலும் தண்ணீர் மேலே வரும்' என்று காட்டின. நாள் முழுக்க இரண்டு ஜோடி மாடு மாற்றி ஓட்டியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கிடையில் ருடால்ப் டீசல் வந்துவிட்டார். அவர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இஞ்சினில் குமிழும் இல்லை, பிளக்கும் இல்லை. காற்றை அழுத்து அழுத்தென்று அழுத்தினால் அது தானே கொதிக்கும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் பற்றும், அவ்வளவுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுகிறதல்லவா, அதே தத்துவம்.

1900-ல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஒரு சின்ன டீசல் இஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். 'டீசல் தன் இஞ்சினைக் கடலை எண்ணெய்க்கென்றே கண்டுபிடித்தார்' என்று சிலர் மேடையில் பேசுவதுண்டு. அது சரியில்லை. ஆப்பிரிக்காவில் இருந்த தங்கள் குடியேற்ற நாடுகளில் கடலை நிறைய விளைகிறதே, அதிலேயே இஞ்சின் ஓடினால் நல்லதாயிற்றே என்று பிரெஞ்சு அரசாங்கம் கேட்டதற்காகச் செய்து பார்த்த சோதனை அது. ஓடியதென்னவோ உண்மை. ஆனால் கடலை எண்ணெய் கெட்டி. நாள் கணக்கில் ஓட்டினால் தெளிப்பான் முனையில் கரி கட்டும், எண்ணெய் பிசினாகும். கடலை எண்ணெய் விற்கிற விலைக்கு இப்போது அந்த ஆசை யாருக்கும் வராது என்பது வேறு விஷயம்!

நம் ஊர்க் கிணற்றடிகளுக்கு டீசலைக் கொண்டுவந்து சேர்த்தவை, இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1930-ஐ ஒட்டிக் கொண்டுவந்த இஞ்சினும், அதைப் பார்த்து ராஜ்கோட்டில் வார்த்தெடுத்த இஞ்சின்களும், புனேயில் 1946-ல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் இஞ்சின் கம்பெனியும். ஒற்றைச் சிலிண்டர், இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதி இருக்கும் சக்கரம், 5 அல்லது 6 குதிரைச் சக்தி, நிமிஷத்துக்கு 600, 650 சுற்று. அம்பது வயது தாண்டியவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும். டீசலையே 'குருடாயில்' என்று சொன்ன காலம். லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றி, வேகம் பிடித்ததும் லிவரை இறக்க வேண்டும். ஹேண்டிலை உருவத் தாமதித்தால் அது கையைப் பதம் பார்த்துவிடும். கிணற்றுத் தண்ணீரிலேயே ஒரு கிளைக் குழாய் இஞ்சினைச் சுற்றி வந்து குளிர வைத்துவிட்டு வாய்க்காலில் விழும். கழற்றிப் பூட்ட உள்ளூர்க் கொல்லரும் லேத் பட்டறைக்காரருமே போதும். இவ்வளவு மெதுவாகச் சுற்றும் இஞ்சின் தேயாது. ஐம்பது வருஷம் உழைத்தவை உண்டு. இன்றைய சின்ன ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. அதனால்தான் ஒரு ஆள் தூக்கும் அளவுக்கு லேசாக இருக்கிறது, அதனாலேயே அதன் ஆயுசும் குறைவு. இந்த ஒன்றை வாங்கப் போகுமுன் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி கரி பஸ்ஸுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் 1939-ல் தொடங்கி, பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போயிற்று. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. ஐரோப்பாவில் ஜார்ஜ் இம்பெர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குமுன்பே ஒரு வழி கண்டிருந்தார். விறகையோ கரியையோ மூடிய உலையில் அரைகுறைக் காற்றில் எரித்தால் ஒரு வாயு வரும். அதை வடிகட்டிப் பெட்ரோல் இஞ்சினுக்கே கொடுக்கலாம். ஜெர்மனியிலும் சுவீடனிலும் லட்சக்கணக்கான வண்டிகள் அப்படித்தான் ஓடின. நம் ஊரிலும் பஸ்ஸின் பின்புறம் அடுப்பைக் கட்டி, புறப்படுமுன் கிளீனர் துருத்தியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனிய வைப்பார். வண்டி ஓடும். மேடு வந்தால் திணறும், ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். எரிபொருளை மாற்றினால் சக்தி குறையும் என்ற பாடத்தை நம் பாட்டன்மார் பஸ்ஸைத் தள்ளியே படித்தார்கள்.

அந்த வாயுவில் எரிந்தது என்ன தெரியுமா? பெரும்பங்கு கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போனால் ரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. போர்க்காலத்துப் பஸ்ஸை ஓட்டிய அதே வாயுதான் இன்றைய ஜெனரேட்டரின் புகைக்குழாயிலும் வருகிறது. பெட்ரோல் போட்டாலும் வரும், கேஸ் போட்டாலும் வரும். 'கேஸ்ல புகையே இல்லீங்க, திண்ணையிலேயே வைக்கலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதால் விஷம் இல்லை என்று ஆகாது. மழைக்குப் பயந்து இஞ்சினைத் திண்ணைக்குள்ளோ, மாட்டுக் கொட்டகைக்குள்ளோ, ஜன்னலோரமோ வைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் காலையில் எழுந்திருக்காத சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு வந்தால் அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று எண்ணாமல் எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவர வேண்டும். இருபதடி தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, மேலே மட்டும் ஒரு தகரக் கூரை. இதில் சலுகை கிடையாது.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் வந்து, கோயம்புத்தூர் வட்டாரத்தில் கரண்ட் மோட்டார்கள் பெருகின. 1937-ல் அங்கேயே மோட்டார் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். மேட்டூரும் பாபநாசமும் அடுத்தடுத்து வந்தன. ஆயில் இஞ்சின்கள் மெல்ல மெல்லச் சாலை ஓரக் கொட்டகைகளுக்கு ஒதுங்கின. கரண்ட் வந்த நாளிலிருந்தே கரண்ட் கட்டும் உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012-ல் சில மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

1973-ல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்காக ஏறியபோது, எல்லோர் பார்வையும் மாட்டுச் சாணத்தின்மேல் திரும்பியது. சாண எரிவாயு ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததுதான். கதர் கிராமத் தொழில் கமிஷன் 1960-களிலேயே அதைப் பரப்பத் தொடங்கிவிட்டது. அதை டீசல் இஞ்சினில் காற்றோடு கலந்து விட்டால் டீசல் செலவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். முழுக்க நிறுத்த முடியாது, ஏனென்றால் வெறும் அழுத்தச் சூட்டில் அந்த வாயு தானாகப் பற்றாது. தீக்குச்சி மாதிரிக் கொஞ்சம் டீசல் வேண்டும். கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் புரா என்ற சிற்றூரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1987 முதல் இப்படி ஊர்ச் சாணத்தைச் சேர்த்து, இஞ்சினை ஓட்டி, குழாய்த் தண்ணீரும் வீட்டு விளக்கும் கொடுத்துக் காட்டினார்கள். பத்துப் பசு வைத்திருக்கும் பால் பண்ணைக்காரர்கள் இதை இன்றைக்கும் யோசிக்கலாம். வாயுவிலுள்ள கந்தகத்தை வடிகட்டாமல் விட்டால் இஞ்சின் உள்ளே அரித்துப்போகும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

கையில் தூக்கும் ஜெனரேட்டர் ஜப்பானிலிருந்து வந்தது. ஹோண்டா கம்பெனி 1965-ல் இ-300 என்ற ஒன்றை வெளியிட்டது. நம் நாட்டில் 1980-களின் நடுவிலிருந்து ஹோண்டாவும் யமஹாவும் இந்தியக் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்து விற்றார்கள். ஜவுளிக்கடை வாசலிலும் கல்யாண மண்டபத்துக் கொல்லையிலும் சங்கிலி கட்டி நிற்குமே, அதுதான். அவற்றில் ஒரு வகை பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். 1917-ல் வந்த போர்டுசன் டிராக்டரும் இதே வித்தையைத்தான் செய்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் ஆவியாகாது, சூடான பிறகுதான் மாற்ற முடியும். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிஷம் ஓட்ட வேண்டும், இல்லையேல் மறுநாள் கிளம்பாது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இஞ்சின் ஆயிலை நீர்க்க வைக்கும், ஆகவே ஆயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்தவரை இந்தத் தொல்லையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். மத்திய மானியம் படிப்படியாகக் குறைந்து 2020-ஐ ஒட்டி இல்லாமலே போன பிறகு, அந்த வகையைத் தேடி வாங்குவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து.

பெட்ரோல், கேஸ் இரண்டிலும் ஓடுவது பரவலானது அமெரிக்காவில். ஏன் என்பதற்கு 2012 அக்டோபர் 29 அன்று அங்கே கரையேறிய சாண்டி புயல் ஒரு சான்று. நியூயார்க், நியூஜெர்சிப் பகுதிகளில் ஜெனரேட்டர் இருந்தவர்களுக்கும் பெட்ரோல் கிடைக்கவில்லை. பல பங்குகளில் தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தது, அதை மேலே இறைக்கத்தான் கரண்ட் இல்லை! வண்டி நம்பர் ஒற்றைப்படை ஒருநாள், இரட்டைப்படை மறுநாள் என்று முறை வைத்துப் பெட்ரோல் ஊற்றினார்கள். நம் பக்கம் 2018 நவம்பர் 16-ல் கஜா வந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து உள்கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. வாடகை ஜெனரேட்டர் வைத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். மரம் விழுந்து ரோடு அடைபட்ட ஊரில் எரிபொருள் எது கைக்கெட்டுகிறதோ அதில் ஓடும் இஞ்சின் ஒன்று இருந்தால், அதன் அருமை அங்கே இருந்தவருக்குத்தான் தெரியும்.

சரி, இப்போது கடைக்குப் போவோம். 'மல்டி ஃப்யூல்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது பழைய குமிழ் இஞ்சின் மாதிரி எதையும் தின்னும் என்று பொருளல்ல. பெட்ரோல் அல்லது கேஸ், இரண்டில் ஒன்றுக்குத் திருப்பிக்கொள்ளலாம், அவ்வளவே. அதில் டீசலை ஊற்றினால் இஞ்சின் போயிற்று. கேஸில் ஓடும்போது சக்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே பெட்டிமேல் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காமல், 'கேஸில் தொடர்ந்து எத்தனை வாட் தரும்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? நாலு மின்விசிறிக்கு 300 வாட், எல்இடி பல்புகள் எல்லாம் சேர்ந்து 100, டிவி 100, குளிர்பெட்டி ஓடும்போது 150. மொத்தம் 650 வாட்தான். ஆனால் மோட்டார் உள்ள பொருள் எதுவும் கிளம்பும்போது ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். குளிர்பெட்டியின் கிளம்பும் இழுப்பையும் தாங்க 2 கிலோவாட் மிஷின் வேண்டும். ஒரு குதிரைச் சக்தி தண்ணீர் மோட்டாரும் ஓட வேண்டுமானால் 3 கிலோவாட்டுக்குக் குறையாமல் பாருங்கள், அதுவும் மோட்டாரை முதலில் போட்டு, மற்றதைப் பிறகு போடும் பழக்கம் வேண்டும். கிணற்றிலுள்ள 5 குதிரைச் சக்தி மோட்டாரை இதில் ஓட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. முடியாது. அதற்கு மும்முனை ஜெனரேட்டர், 10 கேவிஏ-க்கு மேல் வேண்டும். அந்தப் பணத்துக்கு ஒரு டீசல் பம்புசெட்டே வாங்கிவிடலாம். கொட்டகையில் பழைய ஆயில் இஞ்சின் கிடந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் துடைத்து வையுங்கள்.

செலவும் தெரிந்திருக்க வேண்டும். சின்ன மிஷினில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வந்தால் அதிகம். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஒரு யூனிட் ஐம்பது ரூபாய்க்கு மேல். கேஸிலும் கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு யூனிட்தான். ஆகவே இது அவசரத்துக்கு மட்டும். தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகிற வீட்டுக்கு பேட்டரி இன்வெர்ட்டர் போதும்.

பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்தால் பிசின் பிடித்து கார்புரேட்டரின் நுண்துளை அடைபடும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால், மழைக்காலத்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அடைப்பு எடுத்தே மெக்கானிக்குக்கு ஓய்வில்லை. கேஸ் வருஷக்கணக்கில் கெடாது. கேஸ் மிஷினின் உண்மையான லாபம் இதுதான். மற்றதெல்லாம் பிறகு. வீட்டுச் சமையலுக்கென்று கொடுக்கும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்கு மாட்டுவது சட்டப்படி குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டர் தனியாக வாங்க வேண்டும். 1 கிலோவாட் சுமைக்கு அது ஏறக்குறைய 38 மணி நேரம் வரும். சிலிண்டரைப் படுக்கப் போடக்கூடாது, பள்ளத்திலும் வைக்கக்கூடாது, கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும்.

இன்னொன்று, இது உங்கள் வீட்டு உயிர் அல்ல, அடுத்தவர் உயிர். சிலர் ஜெனரேட்டரிலிருந்து வயரை இழுத்து வீட்டுப் பிளக்கில் சொருகிவிடுகிறார்கள். மெயின் ஸ்விட்சை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் கம்பி வழியாகப் பின்னோக்கிப் போய், டிரான்ஸ்பார்மரில் ஏறி, 11,000 வோல்ட் ஆகிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தின்மேல் ஏறியிருப்பார் லைன்மேன், புயலுக்குப் பிறகு மூன்று நாள் தூங்காமல் நம் ஊருக்காகவே வேலை செய்கிறவர். ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வைத்தால் இந்த ஆபத்து முழுக்கத் தீரும். ஒரு பக்கம் தள்ளினால் மின்வாரியக் கரண்ட், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், இரண்டும் ஒருபோதும் சேராது. மிஷினின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டே அல்ல. உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு அதையும், நல்ல எர்த்தையும் போட்டபிறகுதான் மிஷினை முதல்முறை கிளப்ப வேண்டும்.

வாங்கியாயிற்றா? முதல் இருபது மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றுங்கள், புது இஞ்சினின் இரும்புத்தூள் எல்லாம் அதில்தான் இருக்கும். பிறகு மாதம் ஒருமுறை, பெட்ரோலில் பத்து நிமிஷம், கேஸில் பத்து நிமிஷம், இரண்டு மின்விசிறியாவது சுமையாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலில் ஓட்டி நிறுத்தும்போது சாவியைத் திருப்பாமல் பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள், கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானே நிற்கும். அந்த வேலையை வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் மூத்தவருக்கும் சொல்லிக்கொடுங்கள். புயல் வருகிற ராத்திரி நீங்கள் வயலில் வடிகால் வெட்டிக்கொண்டிருப்பீர்கள்.